லேப்டாப் வாங்குவதா, நாமே கட்டுவதா? கோவை கணபதி பட்டறைகளுக்கு நடுவிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

கரூர் பைபாஸில் நின்றால் அடிக்கடி ஒரு காட்சி கிடைக்கும். பாடி இல்லாத பஸ் சேஸிஸ் ஒன்று வெறும் எலும்புக்கூடாக வரும். டிரைவர் தலையில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு எதிர்க்காற்றில் கண்ணைச் சுருக்கியபடி உட்கார்ந்திருப்பார். எஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக், ஸ்டியரிங் எல்லாம் கம்பெனி பொருத்தியது. கரூர் பட்டறை அவற்றில் கை வைக்காது. சீட் எத்தனை, கதவு எந்தப் பக்கம், லக்கேஜுக்கு எவ்வளவு இடம் என்பதுதான் அவர்கள் வேலை.

சொந்தமாக லேப்டாப் கட்டுவதும் இந்த வேலைதான். மதர்போர்டை யாரும் வீட்டில் செய்வதில்லை. தயாராக வரும் போர்டு ஒன்றை வாங்கி, அதற்குத் திரை, கீபோர்டு, பேட்டரி, பெட்டி என்று பாடி கட்டுகிறோம். ஒரே வித்தியாசம், பஸ் சேஸிஸோடு டீசல் டேங்க் சேர்ந்து வந்துவிடும். நம் போர்டோடு பேட்டரி வராது. சொந்தமாகக் கட்டப் புறப்பட்டவர்கள் பாதியில் விடுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

நான் கோவையில் கணபதி, பீளமேடு, குறிச்சி பக்கம் பட்டறைகளுக்குப் போய், கம்ப்யூட்டர் புரோகிராம்படி உலோகத்தைக் கடையும் சிஎன்சி, விஎம்சி மெஷின்களுக்கு சர்வீஸ் பார்ப்பவன். கடையில் வாங்கிய லேப்டாப்பும் என்னிடம் இருக்கிறது, கட்டிய பெட்டியும் இருக்கிறது. இரண்டிலும் காசை விட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் படி: எதற்கு என்று ஒரு தாளில் எழுதுங்கள்

"காசு மிச்சமாகும்" என்று எழுதினால் இப்போதே நிறுத்திவிடுங்கள். மிச்சமாகாது. கணக்கைப் பின்னால் தருகிறேன்.

டாலி, எக்செல், ஜிஎஸ்டி, பையனின் ஆன்லைன் வகுப்பு, கொஞ்சம் சினிமா என்று எழுதினால் லேப்டாப் வாங்குங்கள். பஸ் ஸ்டாண்டில் ரெடியாக நிற்கும் வண்டியில் ஏறுவதை விட்டுவிட்டு கரூருக்குப் போய்ப் பாடி கட்டுவானேன்?

எனக்கு வேண்டியிருந்தது வேறு. பழைய மெஷின்களோடு பேச ஆர்எஸ்-232 சீரியல் போர்ட் என்ற பழைய வகை இணைப்பு வேண்டும். இன்றைய சாதாரண லேப்டாப்களில் அது கிடையாது. யுஎஸ்பி சீரியல் கேபிள் போதுமே என்பீர்கள். போதும்தான், பல வருஷம் அதில்தான் ஓட்டினேன். ஆனால் ஒருநாள், சார்ஜர் சுவரில் செருகியிருக்க, மெஷினின் எர்த்துக்கும் லேப்டாப்பின் எர்த்துக்கும் இடையே வோல்டேஜ் வித்தியாசம் இருந்து, கேபிளோடு சேர்ந்து லேப்டாப்பின் யுஎஸ்பி போர்ட்டும் போய்விட்டது. அப்புறம்தான் மின்சாரத் தொடர்பு இல்லாமல் சிக்னலை மட்டும் கடத்தும் ஐசொலேட்டட் மாட்யூல் ஒன்றைப் பெட்டிக்குள்ளேயே நிரந்தரமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது.

இரண்டாவது தேவை பவர். மெஷின் கண்ட்ரோல் பேனலுக்குள் 24 வோல்ட் டிசி சப்ளை எப்போதும் இருக்கும். அதிலிருந்தே ஓடும் கம்ப்யூட்டர் இருந்தால் சார்ஜரும் வேண்டாம், பிளக் தேடி அலையவும் வேண்டாம். மூன்றாவது தூசி. திருப்பூர் பனியன் கம்பெனிக்குள் ஒரு லேப்டாப்பை ஆறு மாதம் வைத்துவிட்டுத் திறந்து பாருங்கள், ஃபேனுக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவில் பஞ்சு ஒரு பட்டையாகவே உரித்தெடுக்க வரும். பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் நார்த் தூசிக்கும் இதே கதைதான். வெளியிலிருந்தே கழற்றி உதறும் வலை வைத்த லேப்டாப்பை நம் பட்ஜெட்டில் யாரும் விற்பதில்லை.

இந்த மூன்றும் கடையில் ஒரே பொருளாகக் கிடைக்கவில்லை. அதனால் கட்டினேன். உங்கள் தாளில் இப்படிக் கடையில் கிடைக்காதது ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள். "கற்றுக்கொள்ள ஆசை" என்பதும் செல்லும். படிக்கிற பிள்ளைகளுக்கு அதுவே போதுமான காரணம்.

வாங்குவது என்று முடிவானால்

புதிது வாங்குபவர்களுக்கு நான் சொல்ல அதிகமில்லை. ரேம் போர்டோடு ஒட்டியதா, கழற்றி மாற்றக்கூடியதா என்பதை மட்டும் கேட்டு வாங்குங்கள். ஒட்டியது 8 ஜிபி என்றால் அதன் ஆயுளுக்கும் 8 ஜிபிதான்.

என் வாக்கு பழைய பிசினஸ் லேப்டாப்களுக்கு. ஐடி கம்பெனிகள் கழித்துவிட்டவை துடைத்து, ரிஃபர்பிஷ்டு என்ற பெயரில் காந்திபுரத்துக் கடைகளுக்கு வருகின்றன. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறை பிராசஸராவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். ஆகவே 7ஆம் தலைமுறை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும், லினக்ஸ் போடப் போகிறவர்கள் தவிர மற்றவர்கள் தொட வேண்டாம். 2018இல் வந்த திங்க்பேட் டி480 இந்தக் கோட்டுக்கு இப்பால் நிற்கும் நல்ல வண்டி. ரேமுக்கு இரண்டு ஸ்லாட், உள்ளே ஒரு பேட்டரி, வெளியே கழற்றி மாட்டும் பேட்டரி இன்னொன்று.

கடையில் நின்றபடியே செய்ய வேண்டிய சோதனைகள்:

கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து powercfg /batteryreport என்ற கட்டளையைக் கொடுங்கள். ஒரு கோப்பு உருவாகும். அதில் டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என்று இரண்டு எண் இருக்கும். இரண்டாவது முதலாவதில் பாதிக்குக் கீழே என்றால் பேட்டரி விலையைக் குறைத்துக் கேளுங்கள். அடுத்து ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் எழும் முன் வரும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போங்கள். சூப்பர்வைசர் பாஸ்வேர்டு கேட்டால் பேசாமல் கீழே வைத்துவிட்டு வாருங்கள், அந்தப் பூட்டைத் திறப்பது பெரும்பாடு. மூடியை ஒற்றை விரலால் மெதுவாகத் திறந்து, கீழ்ப்பாகம் விரிசல் சத்தம் போடுகிறதா என்று கேளுங்கள். எல்லா போர்ட்டிலும் ஒரு பென்டிரைவைச் செருகிப் பாருங்கள். இவ்வளவுக்கும் கால் மணி நேரம் போதும். இதற்குப் பொறுமை இல்லாத கடைக்காரர் என்றால் பக்கத்துக் கடைக்கு நடந்துவிடலாம்.

கட்டுவது என்றால்: முதலில் பேட்டரி வேண்டுமா?

எல்லோரும் போர்டில் ஆரம்பிப்பார்கள். நீங்கள் பேட்டரியில் ஆரம்பியுங்கள்.

1981இல் வந்த ஆஸ்போர்ன் 1தான் கையோடு கொண்டுபோகும் கம்ப்யூட்டர்களில் முதலில் நன்றாக விற்றது. எடை ஏறக்குறைய 11 கிலோ. திரை 5 அங்குலம். உள்ளே பேட்டரி கிடையாது, போகிற இடத்தில் பிளக்கில் செருக வேண்டும். அப்படியும் மக்கள் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். நீங்கள் போகும் இடத்தில் எல்லாம் கரண்ட் இருக்கிறது என்றால் பேட்டரி இல்லாமலே கட்டுங்கள். வேலை பாதியாகும், ஆபத்து முக்கால்வாசி போய்விடும். என் முதல் பெட்டி அப்படித்தான் ஓடியது. மெஷினை ஆஃப் செய்ததும் இதுவும் அணைந்து, அடித்து வைத்த புரோகிராம் இரண்டு முறை போன பிறகுதான் பேட்டரிக்கே வந்தேன்.

நடுவழி ஒன்றும் உண்டு: நல்ல பவர் பேங்க். 20,000 எம்ஏஎச் என்று எழுதியிருந்தால் 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்துக்கொள்ளுங்கள், 74 வாட்-ஹவர். விமானத்தில் 100 வாட்-ஹவருக்குக் கீழே இருந்தால் தனி அனுமதி இல்லாமல் கைப்பையில் கொண்டுபோகலாம். நாமே கட்டிய, எதுவும் அச்சடிக்காத பேட்டரியைப் பீளமேடு ஏர்போர்ட்டில் விளக்கிக்கொண்டு நிற்பதற்குப் பவர் பேங்க் எவ்வளவோ மேல். ஒரு சிக்கல் மட்டும் உண்டு. சார்ஜரும் கருவியும் பேசி வோல்ட்டை முடிவு செய்யும் யுஎஸ்பி பிடி முறையின் நிலையான படிகள் 5, 9, 15, 20 வோல்ட். 12 வோல்ட் விருப்பப் பட்டியலில்தான் வரும். சின்னப் பெட்டிக்குள் முழு கம்ப்யூட்டராக வரும் மினி பிசிக்கள் பல 12 வோல்ட் கேட்பவை. ஆகவே பவர் பேங்கின் முதுகில் 12 வோல்ட் என்று அச்சாகியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், அல்லது யுஎஸ்பி சி வழியாகவே பவர் எடுக்கும் மினி பிசியைத் தேடுங்கள்.

போர்டு: ராஸ்பெர்ரி பையா, மினி பிசியா?

ஒற்றைப் போர்டிலேயே முழு கம்ப்யூட்டர் அடங்கிய ராஸ்பெர்ரி பை 5 கைக்கு அடக்கமான அருமையான பொருள். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடும் நான்கு கோர், வெளிக் கருவிகளை இணைக்க 40 பின் வரிசை, பெரிய பயனர் கூட்டம். ஆனால் அதில் இருப்பது செல்போன்களில் வரும் ஆர்ம் வகைச் சிப், இன்டெல் வகை அல்ல. டாலியோ, மெஷின் கம்பெனி கொடுக்கும் விண்டோஸ் சாஃப்ட்வேரோ அதில் நேரடியாக ஓடாது. என் வேலைக்கு அது அப்போதே ஆட்டத்தை விட்டு வெளியே போய்விட்டது. இன்னொன்று, அதற்கு லேப்டாப் போல மூடியதும் தூங்கும் வசதி கிடையாது. ஒன்று ஓடும், அல்லது அணைக்க வேண்டும்.

பவரையும் கவனியுங்கள். பை 5 முழுதாகக் கேட்பது 5 வோல்ட்டில் 5 ஆம்பியர். சாதாரண பவர் பேங்க் 5 வோல்ட்டில் 3 ஆம்பியர்தான் தரும். அப்போதும் பை ஓடும், ஆனால் யுஎஸ்பி போர்ட்களுக்கு மொத்தமாக 600 மில்லி ஆம்பியர்தான் விடும். ஹார்ட் டிஸ்க் ஒன்றைச் செருகினால் எழுந்திருக்காமல் கிடக்கும். போர்டு கெட்டுவிட்டது என்று நினைத்து நண்பர்கள் இருவர் என்னிடம் தூக்கி வந்திருக்கிறார்கள்.

பள்ளிப் பிள்ளைக்குக் கோடிங் பழக என்றால், கீபோர்டுக்குள்ளேயே கம்ப்யூட்டர் இருக்கும் ராஸ்பெர்ரி பை 500, ஒரு போர்ட்டபிள் மானிட்டர், ஒரு பவர் பேங்க், மூன்றையும் ஒரு பையில் போட்டால் முடிந்தது. எதையும் கட்டவே வேண்டாம். இந்த வழிகாட்டியில் வீட்டம்மணிகள் திட்டாத ஒரே வழி இதுதான்.

நான் எடுத்தது இன்டெல் என்100 போட்ட மினி பிசி. 2023இல் வந்த சிப், சிப்பின் கணக்கு 6 வாட். மொத்த பெட்டியும் மெல்லிய வேலையில் 11 வாட் வரை, முக்கி வேலை செய்யும்போது 25 வாட் வரை இழுப்பதை மீட்டரில் பார்த்தேன். விண்டோஸும் ஓடும், லினக்ஸும் ஓடும். வெளிப்பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டால் உள்ளே உள்ளங்கை அளவு போர்டும் அதன் மேல் ஃபேனும்தான்.

திரை: பரணில் தேடுங்கள்

2011இல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. அதிலிருந்து பல வீட்டுப் பரண்களில் உயிர்போன லேப்டாப் ஒன்று கிடக்கிறது. என் தங்கையுடையதும் கிடந்தது. போர்டு செத்திருந்தது, மூடி நன்றாக இருந்தது. அந்த மூடியில் திரை, கீல், வைஃபை ஆன்டெனா மூன்றும் பொருத்தியபடியே கிடைக்கும். கீலைத் தனியாக வாங்கி, திரைக்கு ஃபிரேம் அடித்து மூடி செய்து பார்த்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

திரையை மூடியிலிருந்து மெதுவாகப் பிரித்து முதுகு ஸ்டிக்கரைப் பாருங்கள். பேனலின் மாடல் எண் அதில்தான் இருக்கும், லேப்டாப்பின் மாடல் எண் இதற்கு உதவாது. கனெக்டர் 30 பின் என்றால் பெரும்பாலும் ஈடிபி. பழைய 40 பின் என்றால் எல்விடிஎஸ்ஸாக இருக்கலாம். போர்டு திரையோடு பேசும் முறைகள் இவை, இரண்டும் வேறு வேறு மொழி. அந்த எண்ணைச் சொல்லி, எச்டிஎம்ஐ சிக்னலை அந்தப் பேனலின் மொழிக்கு மாற்றித் தரும் கண்ட்ரோலர் போர்டை ஆர்டர் செய்யுங்கள். பழைய லேப்டாப்பின் டிஸ்ப்ளே கேபிளைக் காப்பாற்ற மெனக்கெட வேண்டாம். அதன் ஒரு முனை அந்த மதர்போர்டுக்கு மட்டுமே பொருந்தும். கண்ட்ரோலரோடு வரும் பொதுக் கேபிள்தான் வேண்டும்.

என் தங்கையின் திரை 1366க்கு 768. விண்டோஸில் நாலு ஜன்னல் திறந்தால் கண் வலிக்கிறது. ஆகவே அதே 14 அங்குலத்தில் ஃபுல் எச்டி பேனல் தனியாக வாங்கினேன். முதல் பேனலை மூடிக்குள் அமுக்கும்போது ஓரத்தில் கட்டை விரல் அழுந்தி, "டிக்" என்று ஒரு சின்ன சத்தம். ஆன் செய்தால் இடது மூலையில் இருந்து மை கொட்டியது போலக் கறுப்பு. 3,200 ரூபாய். பேனலை எப்போதும் உலோக ஓரத்தில் மட்டுமே பிடியுங்கள், கண்ணாடியில் கை படவே கூடாது.

இந்த வேலையே வேண்டாம் என்பவர்கள் போர்ட்டபிள் மானிட்டர் வாங்கிக்கொள்ளலாம். பேனல், கண்ட்ரோலர், பெட்டி மூன்றும் சேர்ந்தது. பவர் கொஞ்சம் அதிகம் தின்னும், கீல் இருக்காது.

மேசையில் ஒரு வாரம்

பெட்டி செய்வதற்கு முன் எல்லாவற்றையும் ஒரு பலகை மேல் பரப்பி, ஒயரோடு ஒயர் இணைத்து, ஒரு வாரம் அதில்தான் உங்கள் அன்றாட வேலையைச் செய்ய வேண்டும். இதைத் தாண்டிக் குதிக்காதீர்கள். எனக்கு அந்த வாரத்தில் தெரிந்தவை: வாங்கிய கீபோர்டின் டச்பேட் தரம் கெட்டது, மாற்றினேன். கண்ட்ரோலர் போர்டில் பிரகாசத்தைக் குறைக்கத் தனிப் பட்டன் பலகை இருக்கிறது, அதற்குப் பெட்டியில் ஓட்டை வேண்டும். எல்லாம் சேர்ந்து சராசரியாக 17 வாட் இழுக்கிறது. இந்த மூன்றாவது எண் இல்லாமல் பேட்டரி வாங்கவே கூடாது.

கம்பெனி லேப்டாப் இதே வேலையை 6, 7 வாட்டில் முடித்துவிடும். அதில் பிராசஸர் நேரடியாகத் திரையோடு பேசுகிறது, நடுவில் எச்டிஎம்ஐ மொழிபெயர்ப்பாளர் போர்டு இல்லை. ஒவ்வொரு சிப்பும் வேலை இல்லாத நொடியில் உறங்கும்படி ஒரே கம்பெனி உட்கார்ந்து சரிபார்த்திருக்கிறது. நாம் நாலு கடையில் வாங்கிய நாலு பொருளுக்கு அந்த ஒற்றுமை வராது. இந்த ஒரு விஷயத்தில் கம்பெனி லேப்டாப்பை நாம் ஜெயிக்கவே முடியாது, அதை ஏற்றுக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

பெட்டி

இதில்தான் நம் ஊரின் பலம். 2 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு, லேசர் கட்டிங், தகட்டை மடக்கும் பெண்டிங் எல்லாம் கணபதியில் நாலு தெருவுக்குள் முடிந்துவிடும். வரைபடத்தை டிஎக்ஸ்எஃப் கோப்பாகக் கொண்டுபோங்கள். ஒற்றைப் பீஸ் என்றால் முகம் சுளிப்பார்கள். "அவசரமில்லைங்ணா, மிச்சத் தகடு இருக்கறப்ப வெட்டிக் குடுங்க" என்றால் நடக்கும். எனக்கு வெட்டிக் கொடுத்த அண்ணன் பெட்டியை மடக்கி முடித்துவிட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏனுங் தம்பி, இது டிபன் கேரியருங்களா?" என்றார். அடிப்பாகம் 45 மில்லிமீட்டர் உயரம். அவர் கேட்டதில் தப்பில்லை.

வரையும்போது கவனிக்க வேண்டியவை நாலு. முதலாவது, கீல் உட்காரும் இடத்தில் 2 மில்லிமீட்டர் தகடு மட்டும் போதாது, உள்ளே 5 மில்லிமீட்டர் பட்டை ஒன்றை வைத்து ஸ்க்ரூ அதில் ஏற வேண்டும். பழைய கீல் இறுக்கமாக இருக்கும், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தகட்டையே மடக்கப் பார்க்கும். இரண்டாவது, கீல் பக்கத்தில் திரைக் கேபிளுக்குத் தளர்வாக ஒரு வளையம் விடுங்கள். இழுத்துக் கட்டினால் இரண்டே மாதத்தில் திரையில் கோடு விழும். மூன்றாவது, அலுமினியப் பெட்டிக்குள் வைஃபை சிக்னல் நுழையாது. முதல் நாள் என் பெட்டி ரவுட்டர் பக்கத்தில் இருந்தே சிக்னல் இல்லை என்றது. மூடி பிளாஸ்டிக் என்றால் அதிலுள்ள பழைய ஆன்டெனா ஒயரையே கீழே இழுத்து மினி பிசியின் வைஃபை கார்டில் மாட்டுங்கள். நான்காவது, காற்று. கீழே உள்ளே வரும் வழி, பின்னால் வெளியேறும் வழி. உள்வழியில் மெல்லிய ஸ்பாஞ்ச் வலை, அதைப் பிடிக்க நாலு சின்ன காந்தம். வாரம் ஒருமுறை இழுத்து உதறிவிட்டு மாட்டலாம்.

கரூர் பரமத்திப் பக்கம் சித்திரையில் வெயில் 40 டிகிரி தாண்டும். ஷீட் கூரைப் பட்டறைக்குள் கேட்கவே வேண்டாம். பேட்டரிக்கும் பிராசஸருக்கும் நடுவில் ஒரு தடுப்புத் தகடு கட்டாயம் வையுங்கள், சூடான காற்று பேட்டரி மேல் படக் கூடாது.

பேட்டரி: மெதுவாகப் படியுங்கள்

18650 செல் என்பது 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் உள்ள லித்தியம் செல். முழுச் சார்ஜில் 4.2 வோல்ட், சராசரி 3.6 வோல்ட், 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விடக்கூடாது. சந்தையில் 9,900 எம்ஏஎச் என்று அச்சடித்த செல்கள் கிடைக்கின்றன. பச்சைப் பொய். இந்த அளவு செல்லில் நல்ல கம்பெனியே 3,500 சுற்றித்தான் தருகிறது. சந்தேகம் வந்தால் நகைக்கடைத் தராசில் போடுங்கள். நல்ல செல் 45 கிராம் ஒட்டி இருக்கும். 30 கிராம் காட்டினால் அது உள்ளே காலி.

நான் வாங்கியது 2,600 எம்ஏஎச் செல் எட்டு. இரண்டு இரண்டாக இணையாகக் கட்டி, அந்த நாலு ஜோடிகளையும் வரிசையாகக் கோத்தால் 14.4 வோல்ட், 5.2 ஆம்பியர்-ஹவர், பெருக்கினால் 75 வாட்-ஹவர். 17 வாட் இழுவைக்கு நாலரை மணி நேரம் வர வேண்டும் அல்லவா? வராது. பேட்டரியின் வோல்ட்டை மினி பிசிக்கு ஏற்ப மாற்றித் தரும் கன்வெர்ட்டர் பத்தில் ஒரு பங்கைச் சூடாக்கித் தின்னும், அடிமட்டச் சார்ஜைத் தொடக்கூடாது. கையில் நிற்பது மூன்றரை மணி நேரம்.

கன்வெர்ட்டரில்தான் நான் தடுக்கி விழுந்தேன். பேட்டரி 16.8 வோல்ட்டில் தொடங்கி 12 வரை இறங்கும். மினி பிசிக்கு நிலையான 12 வோல்ட் வேண்டும். வோல்ட்டைக் குறைக்க மட்டும் தெரிந்த பக் கன்வெர்ட்டரை வைத்தேன். அதற்கு வெளியே 12 தர, உள்ளே 13க்கு மேல் வேண்டும். பேட்டரியில் இன்னும் சார்ஜ் இருக்கும்போதே கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்தது. குறைக்கவும் ஏற்றவும் தெரிந்த பக்-பூஸ்ட் வகையை வாங்குங்கள். உள்ளே 9 முதல் 36 வோல்ட் வரை ஏற்பது, வெளியே 12 வோல்ட், 5 ஆம்பியர் தருவது. இதை வைத்தால் மெஷின் பேனலின் 24 வோல்ட்டும் ஏறும், பழைய லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரும் ஏறும்.

இரண்டு பவரையும் ஒரே கன்வெர்ட்டருக்குக் கொண்டுவர, கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் ஷாட்கி டயோடு பேட்டரி வழியில் ஒன்று, வெளிப் பவர் வழியில் இன்னொன்று. எந்தப் பக்கம் வோல்ட் அதிகமோ அது ஓட்டும். 24 வோல்ட் செருகினால் பேட்டரி தானாக ஒதுங்கும், பிடுங்கினால் பேட்டரி தானாக முன்னுக்கு வரும். மெஷினை ஆஃப் செய்தாலும் என் புரோகிராம் இப்போது போவதில்லை.

சார்ஜுக்குத் தனி ஓட்டை, 16.8 வோல்ட் 2 ஆம்பியர் லித்தியம் சார்ஜர். கம்ப்யூட்டர் ஓடும்போது இதில் சார்ஜ் போடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். இரண்டையும் சேர்த்துச் செய்ய வழி இருக்கிறது, ஆனால் சுற்று சிக்கலாகும். பிஎம்எஸ் என்ற காவல் போர்டு கட்டாயம், நாலு செல் வரிசைக்கானது, செல்களின் வோல்ட்டைச் சமப்படுத்தும் பேலன்ஸ் வசதி உள்ளது. பிஎம்எஸ் இருக்கிறதே என்று கண்ட அடாப்டரைச் செருகாதீர்கள். அது கடைசித் தடுப்பு மட்டும்தான், சார்ஜ் செய்யும் வேலை சார்ஜருடையது.

செல்களை வீட்டில் சால்டரிங் செய்யவே கூடாது. சூட்டில் உள்ளே கெட்டு, பின்னொரு நாள் தீப்பிடிக்கலாம். இ-ஸ்கூட்டர் பேட்டரி கட்டுபவர்களிடம் ஸ்பாட் வெல்டிங் இருக்கும், கொண்டுபோய்க் கொடுத்தால் நிக்கல் பட்டை வைத்து அடித்துத் தருவார்கள். போகுமுன் எட்டு செல்லையும் மல்டிமீட்டரில் அளந்து, ஜோடி சேர்பவற்றுக்குள் 0.05 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இல்லாமல் பாருங்கள். ஒவ்வொரு செல்லின் பாசிட்டிவ் முனையிலும் காகித வளையம் ஒட்டச் சொல்லுங்கள். பேட்டரியை விட்டு வெளியே வரும் பாசிட்டிவ் ஒயரில், முதல் இரண்டு அங்குலத்துக்குள், கார்களில் போடும் 7.5 ஆம்பியர் ஃபியூஸ். ஃபியூஸ் இல்லாமல் மூடிய பெட்டி என்றால் அதை என் ஸ்கூட்டரில் ஏற்ற மாட்டேன்.

விண்டோஸுக்கு இந்தப் பேட்டரி இருப்பதே தெரியாது, சதவீதம் காட்டாது. அதனால் முகப்பில் சின்ன வோல்ட் மீட்டர் ஒன்று. அதன் பக்கத்தில் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன்: 16.8 முழுசு, 14.6 பாதி, 13.2 கிளம்பு.

கணக்கு

2024இல் எனக்கு ஆன செலவு, ரூபாயில்: மினி பிசி 14,500. ஃபுல் எச்டி பேனல் 3,200. கண்ட்ரோலர் 1,900. செல் எட்டு 3,360. பிஎம்எஸ் 350. கன்வெர்ட்டரும் டயோடும் 650. கீபோர்டு 1,600. தகடு, லேசர், பெண்டிங், பட்டை 2,100. ஒயர், ஸ்விட்ச், ஃபியூஸ், மீட்டர், கனெக்டர் 900. சார்ஜர் 850. ஆக 29,410. கீலும் மூடியும் தங்கையின் உபயம். சீரியல் மாட்யூல் முன்பே கையில் இருந்தது.

உடைத்த பேனல், மாற்றிய கீபோர்டு, வீணான பக் கன்வெர்ட்டர் இவற்றைச் சேர்த்தால் 34,000ஐத் தாண்டும். ஞாயிற்றுக்கிழமைகள் ஒன்பது போயின, அதற்கு விலை போடவில்லை. எடை 2.6 கிலோ. இதே காசில் நல்ல நிலையில் ஒரு டி480ம், யுஎஸ்பி சீரியல் ஐசொலேட்டர் ஒன்றும் வாங்கி, மிச்சத்தில் குடும்பத்தோடு ஊட்டி போய்வந்திருக்கலாம். அது 1.6 கிலோவில் தொடங்கும் லேப்டாப் வேறு.

மூடுவதற்கு முன், மூடிய பிறகு

மூடும் முன் ஒரு மணி நேரம் முழுச் சுமையில் ஓட விட்டு, கன்வெர்ட்டர், டயோடு, செல் மூன்றையும் தொட்டுப் பாருங்கள். செல் வெதுவெதுப்பைத் தாண்டக் கூடாது. டயோடு சுடும், அது சகஜம். அதற்கு ஒரு அலுமினியத் துண்டை ஒட்டிவிடுங்கள். பெட்டியைத் தூக்கிக் காதருகே வைத்து ஆட்டுங்கள். உள்ளே ஏதாவது உருண்டால் அது தொலைந்துபோன ஸ்க்ரூ. பேட்டரி மேல் போய் உட்காரும் முன் எடுத்துவிடுங்கள்.

மாதம் ஒருமுறை, எங்கள் பகுதியில் பராமரிப்புக்காக மின்தடை வரும் நாளை இதற்கென்று வைத்திருக்கிறேன். ஒளி இருக்கும் பக்கம் உட்கார்ந்து, பிஎம்எஸ்ஸின் பேலன்ஸ் கனெக்டரில் நாலு ஜோடிகளையும் தனித்தனியாக அளந்து பெட்டியின் உள்மூடியில் தேதியோடு எழுதுவேன். நாலும் ஒன்றுக்கொன்று 0.1 வோல்ட்டுக்குள் நின்றால் மூடிவிடலாம். ஒன்று மட்டும் தொடர்ந்து கீழே போனால் அந்த ஜோடியின் காலம் முடிகிறது என்று அர்த்தம். அப்போது எட்டு செல் கொண்ட கட்டு முழுவதையும் மாற்ற வேண்டும், ஒற்றைச் செல்லைப் புதிதாகச் சேர்க்கக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் தொடப் போவதில்லை என்றால் 15 வோல்ட் சுமாரில் நிறுத்தி வையுங்கள். முழுச் சார்ஜில் வெயிலில் கிடப்பதுதான் லித்தியத்துக்குப் பெரிய எதிரி.

ஃபியூஸ் இரண்டு கூடுதலாக வாங்கி, மூடியின் உள்பக்கம் டேப் போட்டு ஒட்டி வையுங்கள். பல்லடத்தில் ஒரு நெசவுப் பட்டறையில் இரவு பத்து மணிக்கு அது போனபோது எனக்குக் கிடைக்காமல் போனது அந்த ஒன்றுதான்.